ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட்: சூடேறித் திணறும் கேமிங் லேப்டாப்புக்குப் போட்டுப் பார்த்ததில்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பிராசஸர் சூடேறி வேகம் இறங்கிப்போகிற லேப்டாப் உங்களிடம் இருக்கிறதா, அதை வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகிவிட்டதா, அப்படியென்றால் கூலிங் பேட் தேடுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஹனிவெல்லின் பிடிஎம்7950. பிராசஸருக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட் சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் என்ற பசை இருக்கும் இல்லையா, அந்த இடத்தில் பேஸ்டுக்குப் பதிலாக வைக்கிற மெல்லிய சாம்பல் நிற ஷீட் இது. என் கேமிங் லேப்டாப்பில் சிபியு (பிராசஸர்), ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இரண்டுக்கும் போட்டுப் பல மாதங்கள் ஓட்டியாகிவிட்டது. போட்ட அன்றைக்கே எழுதியிருந்தால் "பரவாயில்லை, நல்ல பேஸ்ட் மாதிரிதான் இருக்கிறது" என்று முடித்திருப்பேன். இத்தனை மாதம் கழித்து எழுதும்போது அப்படி முடிக்க முடியாது, ஏனென்றால் இந்தப் பொருளின் மதிப்பு போட்ட அன்றைக்குத் தெரிவதே இல்லை.

எல்லோருக்கும் இது தேவையா என்றால் இல்லை. அதனால் த்ராட்லிங் என்றால் என்ன, உங்கள் லேப்டாப்பில் நடப்பது அதுதானா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு பிராசஸருக்கும் அதைத் தயாரித்தவர்கள் ஒரு உச்ச வெப்பநிலை வைத்திருக்கிறார்கள். இன்டெல் 12700எச்சுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியில் சிப்புக்குச் சிப் மாறும், ரைசன் 6800எச்சுக்கு 95, அதற்கு முந்தைய 5800எச்சுக்கு 105. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தையும் வோல்டேஜையும் தானே குறைத்துக்கொள்ளும். இதுதான் த்ராட்லிங். சிப் கெட்டுப்போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது, ஆகவே 95, 98 என்று பார்த்ததும் லேப்டாப் எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் விளையாடுகிறவருக்கு இது பெரிய தொல்லை. வேகம் ஒரே சீராகக் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நடப்பது அப்படி அல்ல: 4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும், எல்லையில் முட்டும், சட்டென்று இரண்டரைக்கு இறங்கும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறும், மறுபடி முட்டும். ஆவரேஜ் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம் என்று பார்த்தால் 80 என்று நன்றாகவே காட்டும். திரையிலோ ஒரு திருப்பத்தில் திரும்பும்போது படம் ஒரு நொடி ஒட்டிக்கொண்டு நிற்கும், குறிவைத்த இடத்தை மவுஸ் தாண்டிப் போயிருக்கும். அதனால் த்ராட்லிங்கைப் பற்றிப் பேசும்போது ஆவரேஜ் எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை, 1 சதவீத லோ என்று காட்டுகிற எண்ணைத்தான், அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் இன்னொன்று, இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் நல்ல பொருளை வாங்கிவிட்டுத் திட்டுகிறார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே திறந்துவிட்ட குழாய்தான் சிப் இழுக்கிற வாட், கீழே உள்ள வடிகால்தான் ஹீட் சிங்க்கும் ஃபேனும், தொட்டியில் நிற்கிற தண்ணீரின் மட்டம்தான் நாம் பார்க்கிற டிகிரி. வடிகால் அடைத்துக்கொண்டால் மட்டம் விளிம்பு வரை ஏறும், சிப் குழாயைப் பாதி மூடிக்கொள்ளும். இப்போது வடிகாலைச் சரிசெய்தால் என்ன ஆகும்? மட்டம் இறங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். சிப் என்ன செய்யும் என்றால், இடம் கிடைத்துவிட்டது என்று குழாயை இன்னும் திறந்துவிடும். மட்டம் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். "பேஸ்ட் மாற்றினேன், ஷீட் போட்டேன், ஐந்து டிகிரிகூடக் குறையவில்லை" என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். டிகிரி குறையவில்லை, ஆனால் அதே டிகிரியில் பத்துப் பதினைந்து வாட் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். டிகிரியையும் வாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தக் கூலிங் பொருளுக்கும் மார்க் போட முடியாது.

பார்ப்பதற்கு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போதும், இலவசம். சென்சார் பகுதியைத் திறந்துவைத்துவிட்டு நீங்கள் வழக்கமாக ஆடுகிற கேமை அரைமணி நேரம் ஆடுங்கள். ஐந்து நிமிடம் போதாது, ஹீட் சிங்க் முழுக்கச் சூடேறவே நேரம் பிடிக்கும். முடித்துவிட்டு வந்து சிபியு பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கிற மொத்த வாட்) எவ்வளவு, அதிகபட்ச வெப்பம் எவ்வளவு, கோர் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் 'யெஸ்' விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் த்ராட்டில்ஸ்டாப் என்ற சாஃப்ட்வேரில் லிமிட்ஸ் என்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு, எதனால் வேகம் குறைகிறதோ அந்தக் கட்டம் சிவப்பாகும். தெர்மல் சிவந்திருந்தால் இந்த ஷீட் உங்களுக்கானது. பிஎல்1 (நீண்ட நேரத்துக்கான வாட் வரம்பு) மட்டும் சிவந்து, வெப்பம் எழுபதுகளிலேயே நிற்கிறதா, அப்படியென்றால் உங்கள் லேப்டாப்பில் நடப்பது பவர் லிமிட். 12700எச்சின் அடிப்படை அளவு 45 வாட், டர்போவில், அதாவது சிப் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடும்போது, 115 வாட் வரை போகலாம் என்று இன்டெல் கொடுத்திருக்கிறது, ஆனால் நீண்ட நேரத்துக்கு எவ்வளவு என்பதை லேப்டாப் தயாரிக்கிற கம்பெனிதான் முடிவுசெய்கிறது. அது பயாஸில், அதாவது போர்டிலேயே இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேரில் எழுதிவைத்த எண். தங்கத் தகட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த எண் மாறாது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. வெப்பம் ஐம்பதுதான் இருக்கும், வேகம் மட்டும் 0.8 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. சார்ஜரை லேப்டாப் அடையாளம் காணாததோ, போர்டில் வேறு ஏதோ பாகம் 'நான் சூடாக இருக்கிறேன்' என்று சிக்னல் அனுப்புவதோ காரணமாக இருக்கும். த்ராட்டில்ஸ்டாப்பில் பிடி பிராக்ஹாட் என்று காட்டுவது இதைத்தான். இதற்கு ஷீட் வாங்காதீர்கள். முதலில் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.

சரி, தெர்மல் என்று உறுதியாகிவிட்டது. இனி ஷீட்டுக்கு வரலாம்.

டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும், அதன் மேல்தான் பேஸ்ட் போடுவோம். லேப்டாப்பில் அந்த மூடி கிடையாது, சிலிக்கான் சில்லு அப்படியே வெளியே தெரியும், அதன் மேலேயே ஹீட் சிங்க்கின் செம்புத் தகடு உட்காரும். இடம் சின்னது, சூடு அதிகம், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற சூடு. லோடிங் ஸ்கிரீனில் ஐம்பது, சண்டைக் காட்சியில் தொண்ணூறு. ஒவ்வொரு முறையும் சில்லும் தகடும் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து சுருங்கும், அந்த அசைவு பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். பம்ப் அவுட் என்று சொல்வது இதைத்தான். என் லேப்டாப்பின் ஹீட் சிங்க்கைத் தூக்கியபோது உள்ளே இருந்தது பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது: நாலு ஓரத்திலும் பேஸ்ட் தடித்துச் சுவர் மாதிரி நின்றது, விரலால் தொட்டால் சுண்ணாம்புபோல உதிர்ந்தது, நடுவிலோ சில்லு கண்ணாடிபோலப் பளபளத்து என் டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. சூடு அதிகம் வருகிற நடுப்பகுதியில் பேஸ்டே இல்லை. செம்பும் சிலிக்கானும் நடுவில் காற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இப்படி ஆன லேப்டாப்புக்கு எந்தக் கூலிங் பேட் வாங்கினாலும் ஓரளவுக்கு மேல் உதவாது, ஏனென்றால் தகடு வரைக்கும் சூடு வந்து சேரவே இல்லை.

நல்ல பேஸ்ட் வாங்கி மறுபடி போட்டால் சரியாகிவிடும்தானே? ஆகும். முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்புக்கென்றே இளக்கமாகச் செய்த பேஸ்டுகள் பல, லேப்டாப் சில்லில் போட்டால் சில மாதத்திலேயே வழிந்து வெளியேறிவிடும். மறுபடி ஸ்க்ரூ, மறுபடி துடைப்பு. அடிக்கடி லேப்டாப்பைத் திறப்பதில் விருப்பமுள்ளவர்களுக்கு அது பரவாயில்லை. எனக்கு வேண்டியது ஒரு முறை வைத்தால் மறந்துவிடக்கூடிய பொருள்.

பிடிஎம்7950 அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அறை வெப்பத்தில் இது திடமான ஷீட். சுமார் 45 டிகிரியில் இளகும், ஹீட் சிங்க்கின் அழுத்தத்தில் பரவி, சில்லிலும் செம்பிலும் உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பும், மிச்சம் ஓரமாக ஒதுங்கும். இளகினாலும் தண்ணீர் மாதிரி ஓடாது, கெட்டியாகவே இருக்கும். லேப்டாப்பை அணைத்ததும் மறுபடி இறுகிவிடும். இந்த மாறுதலால்தான் இதற்கு ஃபேஸ் சேஞ்ச் என்று பெயர், தினமும் சூடாகி ஆறினாலும் பேஸ்ட் மாதிரி நடுவிலிருந்து விலகிப்போவதில்லை. ஹனிவெல் கொடுக்கிற வெப்பக் கடத்தல் அளவு மீட்டர்-கெல்வினுக்கு 8.5 வாட். டப்பாவில் 12, 14 என்று அச்சிட்ட பேஸ்டுகள் இருக்கும்போது இது என்ன குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். டப்பாவில் போட்ட எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். சூடு தாண்டிப்போக வேண்டிய படலம் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, எவ்வளவு காலம் அப்படியே இருக்கிறது என்பவைதான் முடிவு சொல்லும். லெனோவோவின் லீஜன் மாடல்கள் பலவற்றில் ஃபேக்டரியிலேயே இந்த வகைப் பொருள் வருகிறது. ஃபிரேம்வொர்க் 16 லேப்டாப் முதலில் பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டலோடு (திரவ உலோகத்தோடு) வந்தது, பிறகு இதே குடும்பத்தைச் சேர்ந்த பிடிஎம்7958க்கு மாறியது.

வைப்பது கஷ்டமா? கஷ்டம் இல்லை, பொறுமை வேண்டும். உங்கள் மாடலைப் பிரிக்கிற வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது, அதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை போர்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பின்னாலிருந்து முன்னால், மாட்டும்போது முன்னாலிருந்து பின்னால், அதுவும் ஒவ்வொன்றையும் ஒரேயடியாக இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவர வேண்டும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு இல்லாத துணியால் துடையுங்கள். உலோகத்தால் சுரண்டவே வேண்டாம், சில்லின் மூலை உடைந்தால் போர்டு போச்சு.

ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம்தான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கிற இடம். அறை சூடாக இருந்தால் ஷீட் இளகி, படலத்தோடு சேர்ந்து கிழிந்து வரும். வெட்டிய துண்டுகளை ஒரு உறைக்குள் போட்டு ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் விறைப்பாகிவிடும், படலம் சுத்தமாக உரியும். நான் செய்வது இப்படி: சில்லைவிட இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் படலத்தோடு சேர்த்து வெட்டுவேன், ஒரு பக்கத்தை மட்டும் உரித்துச் சில்லின் மேல் வைத்து மெல்ல அழுத்துவேன், அது ஒட்டிக்கொண்ட பிறகு மேல் படலத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒட்டுநாடாவை ஒட்டி, அதைப் பிடித்துச் சாய்வாக இழுப்பேன். நேர் மேலே இழுத்தால் ஷீட்டும் கூட வரும். ஒரு மூலை பிய்ந்துபோனால் பதற வேண்டாம், பிய்ந்த துண்டை அதே இடத்தில் வைத்துவிடுங்கள், இளகும்போது ஒன்றாகிவிடும். கூடுதலாக இருக்கும் ஓரத்தைப் பற்றியும் கவலை இல்லை, இது மின்சாரம் கடத்தாது. இந்த ஒரு காரணத்துக்காகவே லிக்விட் மெட்டலைவிட இதை நான் எந்த நாளும் எடுப்பேன். அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு சொட்டு தப்பான இடத்தில் விழுந்தால் ஷார்ட். லிக்விட் மெட்டல் இன்னும் சில டிகிரி நன்றாகச் செய்யும், மறுக்கவில்லை, ஆனால் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிற கருவிக்குள் அதை வைக்க எனக்கு மனசு வராது.

வீடியோ மெமரிக்கும் பவர் பாகங்களுக்கும் மேலே இருக்கும் மெத்தை மாதிரியான தெர்மல் பேடுகளை இதால் மாற்ற முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த இடங்களில் இடைவெளி அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று இருக்கும். இந்த ஷீட் கால் மில்லிமீட்டர்தான், இளகியதும் அதைவிடப் பல மடங்கு மெலிந்துவிடும், இடைவெளியை நிரப்பவே நிரப்பாது. பழைய பேடு கிழியாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கிழிந்திருந்தால் அதே தடிமனில் வாங்குங்கள், தடிமன் கூடினால் செம்புத் தகடு சில்லின் மேல் சரியாக உட்காராது, செய்த வேலையெல்லாம் வீண்.

மூடியை மாட்டி ஆன் செய்தவுடன் எண்களைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள். ஷீட் இன்னும் இளகிப் பரவவில்லை, முதல் சில நிமிடம் பழைய பேஸ்டைவிட மோசமாகக்கூட இருக்கும். ஒரு மணி நேரம் கேம் ஆடுங்கள், அணைத்து முழுக்க ஆறவிடுங்கள், மறுபடி ஆடுங்கள். இப்படிச் சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் படலம் முழுதாக மெலியும். என் லேப்டாப்பில் இரண்டாவது நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது, அதற்குப் பிறகும் சில நாட்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

என்ன கிடைத்தது? என்னுடையது 12700எச், சிபியுவும் ஜிபியுவும் சூட்டைக் கொண்டுபோகிற ஒரே ஹீட் பைப்புகளைப் பங்குபோட்டுக்கொள்கிற அமைப்பு. பேஸ்ட் காய்ந்திருந்த காலத்தில் பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்களில் சிபியு 30 வாட்டுக்கும் கீழேயே 100 டிகிரியை முட்டும், வேகம் குதித்துக் குதித்து ஆடும். இப்போது அதே கேம், அதே செட்டிங், 40 வாட்டைத் தாண்டி இழுத்தபடி எண்பதுகளின் நடுவில் நிற்கிறது, த்ராட்லிங் வரியில் 'நோ' என்றே இருக்கிறது. ஆவரேஜ் எஃப்பிஎஸ் பெரிதாக ஏறவில்லை. ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த நொடிகள் போய்விட்டன, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கோருக்குக் கோர் வெப்ப வித்தியாசமும் குறைந்தது, முன்பு ஒரு கோர் மட்டும் தனியாகத் தொண்ணூற்றெட்டில் நின்று மற்றவற்றையும் கீழே இழுக்கும். ஜிபியுவிலும் ஹாட் ஸ்பாட்டுக்கும் (சில்லில் மிக அதிகம் சூடான இடம்) சாதாரண வெப்பத்துக்கும் நடுவில் முன்பு இருபதுக்கு மேல் இருந்த வித்தியாசம் பத்துப் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. இந்த இடைவெளி பெரிதாக இருந்தால் தகடு சரியாகப் படியவில்லை என்று அர்த்தம், அதனால் வேலை சரியாக முடிந்ததா என்று சோதிக்க இதைவிட நல்ல எண் கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், மாதங்கள் கழித்து அதே கேமில் அதே இடத்தில் நின்று பார்த்தால் எண்கள் அப்படியே இருக்கின்றன. முன்பு பேஸ்ட் போட்டபோதெல்லாம் இதற்குள் மெல்ல ஏற ஆரம்பித்திருக்கும்.

இனி இது செய்யாதவை. ஃபேன் சத்தம் போகாது. சிப் கூடுதல் வாட் இழுக்கிறது, அந்தச் சூடு வெளியே போயாக வேண்டும், ஆகவே முழு லோடில் ஃபேன் அதே சத்தம்தான், பின்பக்கக் காற்று முன்பைவிடச் சூடாகவே வரும். கேமை மூடியதும் சீக்கிரம் அடங்குகிறது என்பது மட்டும் வித்தியாசம். கீபோர்டு சூடும் பெரிதாகக் குறையவில்லை. மிக மெல்லிய உடம்பு, ஒரே ஃபேன், இரண்டு சின்னப் பைப் என்று கட்டிய லேப்டாப்பில் வடிகாலே அவ்வளவுதான், நடுவில் என்ன வைத்தாலும் சில நிமிடம் தள்ளிப்போகுமே தவிர எல்லையில் முட்டத்தான் செய்யும். ஹீட் சிங்க் வளைந்திருந்து சரியாக அழுத்தவில்லை என்றாலும் பலன் கிடைக்காது, இந்த ஷீட் பரவுவதே அழுத்தத்தால்தான். அப்புறம் ஃபேனுக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் அதை எடுக்காமல் ஷீட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. மூடியைத் திறந்தவுடன் அதைத்தான் முதலில் பாருங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சிலருக்கு அதோடு பிரச்சினையே தீர்ந்துவிடும்.

கூலிங் பேடுகளையும் பயன்படுத்தியிருப்பதால் ஒப்பிட்டுச் சொல்கிறேன். நாலைந்து சின்ன ஃபேன் வைத்து வண்ண விளக்கு எரிகிற சாதாரண வகை, என் அனுபவத்தில் மூன்று நாலு டிகிரி. லேப்டாப்பின் பின்பக்கத்தை மட்டும் சில சென்டிமீட்டர் தூக்கிவைத்தாலே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, அதற்கு எந்தச் செலவும் கிடையாது. ஓரம் முழுக்க ஃபோம் வைத்து அடைத்து, ஒரே பெரிய புளோயரால் காற்றைக் கீழிருந்து அழுத்தித் தள்ளுகிற வகை வேறு கதை, அது நிஜமாகவே பத்து டிகிரிக்கு மேல் இறக்கும். ஆனால் சத்தம் ஹெட்போனையும் தாண்டிக் கேட்கும், மேஜையை விட்டு லேப்டாப்பை எடுத்துப்போனால் அந்தப் பலனும் அங்கேயே நின்றுவிடும். ஷீட் போட்ட பிறகும் போதவில்லை என்றால் அந்த வகையை வாங்குங்கள், இரண்டும் சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும்.

திறக்கவே பயமாக இருக்கிறது என்பவர்கள் முதலில் செட்டிங்கில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு வைப்பதைவிட நல்ல இலவச மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று இருக்கும், 140க்கும் 70க்கும் தாவுகிற கேமை 75இல் நிறுத்திப் பாருங்கள், சிபியு, ஜிபியு இரண்டுமே மூச்சுவிடும். விண்டோஸ் பவர் பிளானில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும், சூடு உடனே இருபது டிகிரிகூட இறங்கலாம், ஆனால் 4.7 வரை போகக்கூடிய 12700எச் 2.3 ஜிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துவிடும், சிபியுவை நிறையக் கேட்கிற கேம்களில் அது தெரியும். கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேரில் சிபியு வாட்டைக் குறைக்க வழி இருந்தால் அதுதான் நல்ல வழி. அண்டர்வோல்ட் பண்ணலாமே, அதாவது சிப்புக்குப் போகிற வோல்டேஜைக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு த்ராட்டில்ஸ்டாப்பில் அது பத்து நிமிட வேலை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பயாஸ் அப்டேட்டுகளில் அந்த வசதியைப் பல லேப்டாப்களில் பூட்டிவிட்டார்கள், உங்களுடையதில் திறந்திருந்தால் அதிர்ஷ்டம்தான். ஜிபியுவுக்கு அந்தப் பூட்டு இல்லை, ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் வோல்டேஜ் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் அந்தப் பக்கச் சூடு குறையும், ஹீட் பைப்பைப் பங்குபோடுகிற லேப்டாப்பில் சிபியுவுக்கும் அது உதவும்.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பிடிஎம்7950 என்று பெயர் போட்டு விற்கிற போலிகள் ஆன்லைனில் நிறைய இருக்கின்றன. ஒருமுறை பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடமிருந்து நண்பருக்காக வரவழைத்தது ரப்பர் மாதிரி இழுபட்டது, நாள் முழுக்கச் சூடேற்றியும் இளகிப் பரவவே இல்லை, எண்கள் பழைய பேஸ்டைவிட மோசம். ஹனிவெல்லிடமிருந்தே வாங்கி விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்கிற, லேப்டாப் திருத்துகிறவர்கள் தொடர்ந்து வாங்குகிற இடங்களில் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் தெர்மல் கிரிஸ்லி போன்ற தெரிந்த கம்பெனி தன் பெயரிலேயே விற்கிற ஃபேஸ் சேஞ்ச் ஷீட்டை எடுங்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது என்றால் மூடியைத் திறக்கலாமா என்று அதன் விதிகளைப் படித்துவிட்டு இறங்குங்கள், பல நேரம் அவர்களே வந்து பேஸ்ட் மாற்றிக் கொடுப்பார்கள்.

வாங்கும்போது தேவைக்கு மேல் ஒரு துண்டு சேர்த்தே வாங்குங்கள். ஒருமுறை இளகிப் பரவியது மறுபடி பழைய ஷீட் ஆகாது, ஹீட் சிங்க்கைத் தூக்கினால் புதிதாகத்தான் வைக்க வேண்டும். பின்னாளில் கழற்ற நேர்ந்தால் ஆறிக்கிடக்கும் லேப்டாப்பில் தகட்டைப் பிடித்து நெம்பாதீர்கள், இறுகிப்போய்ச் சில்லோடு நன்றாக ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டி, அணைத்து, பேட்டரியைப் பிடுங்கி, உள்ளே வெதுவெதுப்பு இருக்கும்போதே ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டை இடமும் வலமுமாக லேசாக அசைத்துத் தூக்குங்கள், தானாக விட்டுவிடும்.